ராத்திரி ரெண்டு மணிக்கு கிறில் திறப்பு யாரிட்ட?

தம்பி, உங்கட கேள்விய முதல்ல நான் விளங்கினபடி சொல்லுறன். உங்கட இளைஞர் மன்றம் வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கமா ஒரு பழைய ரெண்டு மாடி வீட்டை வாடகைக்கு எடுக்கப் போகுது, ஹட்டன், மட்டக்களப்பு, கிளிநொச்சி பக்கமிருந்து படிக்கவும் வேலை பழகவும் வாற 16 வயசில இருந்து 22 வயசு வரைக்குமான 28 பெடியள் அங்க தங்கப் போகினம், பாதுகாப்புக்கு என்ன செய்யோணும், கமரா எத்தினை பூட்டோணும், மதிலுக்கு மேல முள்ளுக்கம்பி தேவையா எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் ஒன்பது வருஷம் இதே மாதிரி ஒரு பெடியள் லொட்ஜில வார்டனா இருந்தனான், இப்ப ஒரு தொழிற்சாலையில பாதுகாப்பு அதிகாரி வேலை, அதால நீட்டி எழுதுவன், பொறுமையா வாசியுங்கோ.

கமராவையும் முள்ளுக்கம்பியையும் கொஞ்சம் தள்ளி வைப்பம். எல்லாரும் கள்ளன் உள்ள வராமல் இருக்கிறதப் பற்றித்தான் கேக்கினம். 28 பெடியள் வெளிய போறது எப்பிடி எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. கொழும்பில வீடு எண்டாலே யன்னலுக்கு கிறில், பல்கணிக்கு கிறில், படி முடியிற இடத்தில இழுக்கிற கிறில் கேற், அதுக்கு ஒரு பெரிய ஆமைப்பூட்டு, திறப்பு வோச்சர் ஐயாட இடுப்பில. ஒரு குடும்பம் இருக்கிற வீட்டுக்கே இது சரியில்ல, 28 பேர் நித்திரை கொள்ளுற வீட்டுக்கு இது கூண்டு.

எனக்கு இது புத்தகத்தில வந்த ஞானம் இல்ல. நான் வார்டனா வந்து ரெண்டாவது வருஷம், ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மேல் மாடி அறையில கட்டிலுக்குக் கீழ ஒரு பெடியன் நுளம்புத்திரி கொளுத்தி வைச்சிருக்கிறான், மேல்தட்டில படுத்தவன்ட சாரம் தொங்கிக்கொண்டு இருந்து நழுவி அதுக்கு மேல விழுந்திட்டுது. சுவாலை பெரிசா வரேல்ல, மெத்தை புகைஞ்சது, அவ்வளவுதான். ஆனா ஸ்பொஞ்ச் மெத்தை புகை எண்டா அது விறகுப் புகை மாதிரி இல்ல, கறுப்பா, தொண்டையப் பிடிக்கிற மாதிரி, ரெண்டு மூண்டு நிமிஷத்தில லைட் போட்டும் பக்கத்தில நிக்கிறவனத் தெரியாது. பெடியள் எல்லாம் படியால இறங்கி கிறில் கேற்றடியில வந்து நிக்கிறாங்கள், கேற் பூட்டு. வோச்சர் ஐயா ஓடி வந்தார், கையில பதினாலு திறப்புக் கோர்வை, ஒண்டுக்கும் அடையாளம் இல்ல, அவர்ட கை நடுங்குது, ஒண்டொண்டாப் போட்டுப் பாக்கிறார், பின்னால நிக்கிறவங்கள் தள்ளுறாங்கள். மேல மாட்டுப்பட்ட ஒருத்தன் பல்கணியால குதிச்சு கணுக்கால் உடைஞ்சுது. வேற ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்ல, அது எங்கட கெட்டித்தனம் இல்ல, நெருப்பு சின்னன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலமை முதல் வேலையா அந்த ஆமைப்பூட்டைக் கழட்டி எறிஞ்சிட்டு, உள்பக்கம் கையால திருப்பினா திறக்கிற, வெளிப்பக்கம் மட்டும் திறப்பு போடுற பூட்டுப் போட்டம். வெல்டிங் பாஸ் கேற்றில ஒரு தகடும் அடிச்சு விட்டார், வெளியில இருந்து கைய விட்டுத் திருப்பேலாத மாதிரி. கள்ளனுக்கும் வழியில்ல, பெடியளுக்கு வழி இருக்கு. செலவு ஒரு கமராட விலையும் இல்ல.

வெளிநாட்டில நடந்த ரெண்டு சம்பவம் சொல்லுறன், உங்கட குழுவில யாரும் "இதெல்லாம் தேவையோ" எண்டு கேட்டா சொல்லுங்கோ. 2023 மே மாசம் கயானா நாட்டில மஹ்தியா எண்ட ஊரில பெண் பிள்ளையள் தங்கியிருந்த பாடசாலை விடுதி ராத்திரியில எரிஞ்சு 20 பிள்ளையள் செத்தவை. யன்னலுக்கெல்லாம் கிறில், பிள்ளையள் களவா வெளிய போகக்கூடாதெண்டு கதவும் பூட்டு, விடுதிக்குப் பொறுப்பா இருந்தவ பதட்டத்தில திறப்பைத் தேடி எடுக்கேலாமப் போச்சுது. போன் பறிச்ச கோவத்தில ஒரு மாணவி வைச்ச நெருப்பு எண்டு அங்கத்தைய அதிகாரிகள் சொன்னவை, அந்த விஷயத்துக்குப் பிறகு வாறன். மற்றது 2000 ஜூன் மாசம், அவுஸ்திரேலியாவில குயின்ஸ்லாந்து மாநிலம், சில்டர்ஸ் எண்ட சின்ன ஊர், தோட்ட வேலைக்கு வந்த இளம் பயணிகள் தங்கியிருந்த பழைய விடுதி. 15 பேர் செத்தவை. புகை அலாரம் வேலை செய்யேல்ல, யன்னலில கம்பி, ஒரு அறையில வெளிய போற கதவை ரெண்டு தட்டுக் கட்டில் மறிச்சுக்கொண்டு நிண்டது. இடம் காணாது, இன்னும் ரெண்டு பேரப் போடலாம் எண்டு யாருக்கும் தோணும். நாளைக்கு நீங்களும் இதைத்தான் செய்வீங்க, 28 பேர் 32 ஆகும், ஒரு கட்டில் கதவுக்குக் குறுக்கால வரும். அதால இப்பவே ஒரு அறைக்கு எத்தினை கட்டில், எந்த இடத்தில எண்டு நிலத்தில பெயின்ட்டால கோடு போட்டு வையுங்கோ. சிரிப்பா இருக்கும், ஆனா கோடு இருந்தா நகர்த்தினது உடன தெரியும்.

மேல் மாடியில இருந்து இறங்க ரெண்டாவது வழி ஒண்டு கட்டாயம் வேணும். படி ஒண்டுதான் இருக்கு, அதுவும் குசினிக்குப் பக்கத்தால வருது எண்டா, நெருப்பு எங்க பிடிக்குமோ அங்கதான் உங்கட ஒரே வழியும். பல்கணி கிறில்ல ஒரு பகுதியை வெட்டி, உள்பக்கம் கொண்டி போட்ட கதவு மாதிரி செய்து, அதில இருந்து இறங்க நிரந்தரமா இரும்பு ஏணி அடியுங்கோ. கயிறு வைச்சிருக்கிறம் எண்டு சொல்லாதீங்கோ, புகைக்குள்ள கயிறு பிடிச்சு இறங்க பெடியள் ஆமிக்காரர் இல்ல.

புகை அலாரம் பற்றரியில வேலை செய்யிறது, கொழும்பில வாங்கலாம், ஒவ்வொரு படுக்கை அறைக்கும் ஒண்டு, படிக்கு மேல ஒண்டு. மாசத்தில ஒரு நாள் பட்டனை அமத்திப் பாக்கோணும். பற்றரியக் கழட்டி றிமோட்டுக்குப் போடுவாங்கள், அதுவும் நடக்கும், கிரிக்கெட் மட்ச் நாளில நான் பிடிச்சிருக்கிறன். அறைக் கதவைச் சாத்திப் படுக்கப் பழக்குங்கோ, சாத்தின மரக் கதவு ஒண்டே புகைய நல்லாப் பிந்த வைக்கும். புகை வந்தா நிமிந்து ஓடாம தவழ்ந்து வரோணும், நிலத்தடியிலதான் மூச்சு விடக் காத்து இருக்கும்.

பிறகு ஒத்திகை. பகல்ல, எல்லாருக்கும் சொல்லி வைச்சு, சிரிச்சுச் சிரிச்சு இறங்கிற ஒத்திகை வேண்டாம். ராத்திரி பதினொண்டரைக்கு மெயின் சுவிச்சை ஓஃப் பண்ணிட்டு விசிலடியுங்கோ. நான் முதல் தரம் செய்தப்போ எல்லாரும் வெளிய வர ஆறு நிமிஷம், வந்த பிறகு "எல்லாரும் வந்தாச்சா" எண்டு கேட்டா "ஓம் ஓம்" எண்டு சத்தம், ஆனா ஒருத்தன் மேல காதில இயர்போனோட நல்ல நித்திரை. அவன் இல்லையெண்டு கண்டு பிடிச்சது பக்கத்துக் கட்டில்காரன், அதுவும் குளிருது எண்டு சாரம் எடுக்கத் திரும்பிப் போகேக்க. திரும்பிப் போறதே பிழை, அது வேற கதை. எண்ணுறதுக்கு ஒரு ஆள், பேர்ப் பட்டியல் ஒண்டு, சேருற இடம் ஒண்டு, எதிர் வீட்டுக் கேற்றடி எண்டு வையுங்கோ, உங்கட முத்தத்துக்குள்ள வேண்டாம்.

பேர்ப் பட்டியல் எண்டதும் ஒண்டு சொல்லோணும். எங்கட ஆக்களுக்கு, அதுவும் என்ர வயசுக்காரருக்கு, கொழும்பில லொட்ஜ், பதிவு, பட்டியல் எண்ட சொல்லுகளே வயித்தைக் கலக்கும். 2007 ஜூன் 7 விடியக்காலமை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் லொட்ஜுகள்ல இருந்த 376 தமிழ் ஆக்களை பொலிஸ்காரர் பஸ்ல ஏத்தி வவுனியாப் பக்கம் அனுப்பினவங்கள், அடுத்த நாள் உச்ச நீதிமன்றம் நிப்பாட்டச் சொன்ன பிறகுதான் அது நிண்டது. அதால சில பழைய ஆக்கள் இண்டைக்கும் பேர் எழுதி வைக்க விரும்ப மாட்டினம். பயம் விளங்குது. ஆனா நெருப்பு வந்த ராத்திரியில உள்ளுக்கு எத்தினை பேர் எண்டு தெரியாட்டி தீயணைப்புக்காரர் இல்லாத ஆளைத் தேடி உள்ள போவினம், இல்லாட்டி இருக்கிற ஆளை விட்டிட்டு வருவினம். வாசலில ஒரு பலகை, ஒவ்வொருத்தருக்கும் ஒரு இலக்கத் தகடு, உள்ள வந்தா பச்சைப் பக்கம், வெளிய போனா சிவப்புப் பக்கம் திருப்பி விடச் சொல்லுங்கோ. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன்ட தகடு சிவப்பில இருக்கோணும். பேர் எழுத விருப்பமில்லாதவைக்கு இலக்கமே காணும்.

இனி கரண்ட். பழைய வெள்ளவத்தை வீடு எண்டா வயரிங்கும் பழசாத்தான் இருக்கும், ஒரு குடும்பத்துக்குப் போட்டது, ரெண்டு ஃபான், நாலு லைட், ஒரு அயன் எண்ட கணக்கில. உங்கட 28 பேருக்கு 28 போன், பவர் பாங்க், லப்டொப், அதுக்கு மேல அயன், கேத்தில். கணக்குப் பாருங்கோ: இப்ப எங்கட நாட்டுத் தரம் சதுர முள்ளு 13 அம்பியர் பிளக், 230 வோல்ட்டில அது கிட்டத்தட்ட 3000 வாட்ஸ் தாங்கும். கேத்தில் ஒண்டு மட்டும் 2000 வாட்ஸ் வரும், அதே எக்ஸ்டென்ஷன் கோட்டில 1200 வாட்ஸ் அயனையும் குத்தினா முடிஞ்சுது. அதுக்குள்ள மலிவு எக்ஸ்டென்ஷன் கோட்டுக்குள்ள இருக்கிற வயர் அந்த 13ஐயும் தாங்காது. பிளக்கைத் தொட்டுப் பாருங்கோ, சூடா இருந்தா, மண்ணிறமா மாறியிருந்தா, மீன் நாத்தம் மாதிரி ஒண்டு வந்தா, அது சூடாகி உருகிற பிளாஸ்டிக், உடனே கழட்டுங்கோ.

ட்ரிப் சுவிச், அதாவது கரண்ட் ஒழுகினா தானா லைனை வெட்டுற சுவிச், இருக்கோ எண்டு முதல் நாளே பாருங்கோ. 30 மில்லி அம்பியர் எண்டு அதில எழுதியிருக்கோணும், அதுதான் மனிசனக் காப்பாத்திற அளவு. அதில ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசத்துக்கு ஒருக்கா அமத்தோணும், அமத்தினதும் டக்கெண்டு விழோணும், விழாட்டி அது சும்மா அலங்காரம். சில வீடுகள்ல அடிக்கடி விழுது எண்டு வயரிங் பாஸ் அதைச் சுத்தி நேரா வயர் குடுத்து விட்டிருப்பார், "இப்ப பிரச்சினை இல்ல மாத்தையா" எண்டுவார். பிரச்சினை இல்லாமப் போகேல்ல, சொல்ல ஆளில்லாமப் போச்சுது. எர்த் கம்பி நிலத்துக்குள்ள உண்மையா போகுதோ எண்டும் படிச்ச ஒரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரக் கொண்டு அளந்து பாருங்கோ. பாத்ரூமுக்குள்ள சுடுதண்ணி ஷவர் இருந்தா அது ட்ரிப் சுவிச்சுக்குக் கீழ வாற லைன்ல இருக்கோணும்.

இதில தடைச் சட்டம் போட்டு வெல்ல ஏலாது. நானும் முதல் வருஷம் கொயில் தடை, கேத்தில் தடை, பிடிபட்டா 500 ரூபா எண்டு ஒட்டினனான். என்ன நடந்தது? தண்ணி சுட வைக்கிற கொயிலை வாளிக்குள்ள போட்டு வாளியக் கட்டிலுக்குக் கீழ தள்ளி, மேல துவாயால மூடி வைச்சிருந்தாங்கள். ஒளிச்சுச் செய்யிறதுதான் வெளியில செய்யிறதவிட ஆபத்து. ஹட்டன் பெடியன் காலமை தேத்தண்ணி இல்லாம இருக்க மாட்டான், அது தெரிஞ்ச விஷயம். ஹோல்ல ஒரு சீமெந்து மேசை கட்டி, அதுக்குத் தனி லைன் இழுத்து, ரெண்டு நல்ல கேத்தில், ஒரு அயன் மேசை வைச்சு விட்டம், கொயில் ரெண்டு கிழமையில தானாவே காணாமப் போச்சுது. போனும் அப்பிடித்தான். தலாணிக்குக் கீழ சார்ஜ் போடாத எண்டா போடுவான், கட்டிலுக்குப் பக்கத்தில சுவரில ஒரு சின்னத் தட்டும் பொயின்ட்டும் குடுங்கோ. அந்த மஹ்தியாக் கதைய யோசியுங்கோ, பறிக்கிறதால ஒரு ஆபத்து போய் இன்னொண்டு வரும்.

2022 மாச்சில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது ஞாபகம் இருக்கும். அப்ப மெழுகுதிரி, கான்ல பெற்றோல், ஹோலுக்குள்ள ஜெனரேட்டர். திரும்ப அப்பிடிக் காலம் வந்தாலும் மூண்டும் வேண்டாம். ஜெனரேட்டர் புகையில காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்ல, நித்திரையிலயே ஆள் முடிஞ்சிடும். சார்ஜ் லைட் பத்து வாங்கி வைச்சாப் போதும். சாமித் தட்டு விளக்கும் இதுக்குள்ள வரும், யாரும் கோவிக்காதீங்கோ, நானும் விளக்குக் கொளுத்திறவன்தான், ஆனா திரைச்சீலைக்குக் கீழ இருந்த சாமித் தட்டைக் கண்ட நாளில இருந்து ஹோல்ல வெறும் சுவரில டைல் ஒட்டி வைச்ச தட்டில மட்டும், ஆள் முழிச்சிருக்கேக்க மட்டும்.

குசினிக்கு வருவம். காஸ் சிலிண்டரை வெளியில, காத்தோட்டமான இடத்தில வைச்சு, சுவரால குழாய் கொண்டு வாங்கோ. 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் வெடிச்ச காலத்தில எல்லாரும் சவுக்காரத் தண்ணி தொட்டுப் பாத்தவை, பிறகு மறந்திட்டினம். இப்பவும் ஒவ்வொரு சிலிண்டர் மாத்தேக்கயும் றெகுலேட்டர்ல, ஹோஸ் முனையில சவுக்காரத் தண்ணி தடவுங்கோ, குமிழி வந்தா ஒழுகுது. காஸ் காத்தை விடப் பாரம், மேல போகாது, நிலத்தோட தவழ்ந்து கதவிடுக்கால அடுத்த அறைக்குப் போகும். மணம் வந்தா லைட் சுவிச்சத் தொடாதீங்கோ, ஃபானையும் போடாதீங்கோ, சிலிண்டரை மூடிட்டு கதவு யன்னலத் திறந்து ஆக்களை வெளிய எடுங்கோ. ஹோஸில வெடிப்பு இருக்கோ எண்டு வளைச்சுப் பாருங்கோ, எலி கடிக்கும், கொழும்பு எலி எல்லாத்தையும் கடிக்கும். எண்ணெய்ச் சட்டி பத்தினா தண்ணி ஊத்தவே கூடாது, அடுப்பை நிப்பாட்டி மூடியால மூடுறது, அல்லது நெருப்புப் போர்வை. சட்டியத் தூக்கிக்கொண்டு வெளிய ஓடுறவன்தான் எரியிறவன். குசினி வாசல்ல ஒரு பவுடர் அணைப்பான், மெயின் போர்டுக்குப் பக்கத்தில ஒரு சீ ஓ டூ அணைப்பான். பவுடர் அணைப்பான்ட முள்ளு பச்சையில நிக்கோணும். ஒவ்வொரு பெடியனும் ஒருக்காவாவது கையில எடுத்து பின்னை இழுத்து அடிச்சுப் பாத்திருக்கோணும். கொழும்பு மாநகர சபைத் தீயணைப்புப் படைக்கு ஒரு கடிதம் குடுத்து, வந்து பழக்கி விடச் சொல்லிக் கேளுங்கோ.

சாப்பாடு பற்றி சுருக்கமா: மத்தியானச் சோறு ராத்திரி வரை சட்டியில கிடக்கிறதுதான் பெரிய பிரச்சினை, திரும்பச் சுட வைச்சாலும் சில நஞ்சு போகாது. தண்ணித் தாங்கி மூடி, வருஷத்துக்கு ரெண்டு தரம் கழுவல், குடிக்கக் கொதிச்ச தண்ணி. அவ்வளவு.

இப்ப ஒருத்தரும் யோசிக்காத ஒண்டு. ரெண்டு தட்டுக் கட்டில் வாங்கிறீங்க, சீலிங் ஃபான் ஏற்கெனவே இருக்கு. மேல்தட்டில ஒருத்தன் எழும்பி இருந்து சேட்டைக் கழட்டக் கையத் தூக்கினா கை எங்க போகுது? நான் போய்ப் பாத்த ஒரு விடுதியில ஃபான் இதழுக்கும் மேல்கட்டில் ஓரத்துக்கும் ஒரு முழம் இல்ல. சுவர் ஃபான் போடுங்கோ, சீலிங் ஃபானக் கழட்டுங்கோ. மேல்தட்டுக்கு நாலு பக்கமும் மறிப்புக் கம்பி, மெத்தைக்கு மேல ஒரு சாணாவது உயரமா. தடிச்ச மெத்தை வாங்கிப் போட்டா கம்பி மெத்தையோட சமனாப் போயிடும், அதையும் பாருங்கோ.

பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் கூரை இருந்தா அதில ஏற விடாதீங்கோ. பந்து போச்சுது எண்டு ஏறுவாங்கள். பழைய சீற் பாக்க உறுதியா இருக்கும், கால் வைச்சா அப்பிடியே ஆள் கீழ. பந்து விலை என்ன, ஒரு பெட்டி பந்து வாங்கி மேசையில வைச்சிட்டன், ஏறுறது நிண்டுது. சீற்றை வெட்டிறது, துளை போடுறது எல்லாம் தூசி, அதைத் தண்ணியால நனைச்சு, முகமூடியோட கூரை வேலை தெரிஞ்ச பாஸ் செய்யட்டும், பெடியளை விட்டுச் செய்யாதீங்கோ. மேல் சிலாப்பில உடுப்புக் காயப்போடுற கம்பிக்கும் றோட்டுக் கரண்ட் லைனுக்கும் எவ்வளவு தூரம் எண்டும் பாருங்கோ, இரும்புக் குழாய் தூக்கிக்கொண்டு அங்க நடக்கக் கூடாது.

நுளம்பு. சிரிக்க வேண்டாம், ஒன்பது வருஷத்தில என்ர பெடியளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினது நெருப்பு இல்ல, டெங்கு. 2017இல நாடு முழுக்க 1,86,101 பேருக்கு வந்தது, கொழும்பு மாவட்டம்தான் முன்னுக்கு. முட்டையில இருந்து நுளம்பாக ஏழில இருந்து பத்து நாள், அதால ஞாயிறு ஞாயிறு ஒரு சுத்து சுத்தினாக் காணும்: கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு, சிலாப்பில தேங்கிற மூலை, பாவிக்காத டொய்லெட். ஏப்ரல் லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போய் ரெண்டு கிழமை பூட்டிக் கிடந்த வீட்டில ஃப்ளஷ் தாங்கிக்குள்ளயே புழு நெளிஞ்சதக் கண்டிருக்கிறன். பரல்ல தண்ணிய ஊத்தினாப் போதாது, உள்பக்கம் தேச்சுக் கழுவோணும், முட்டை காஞ்சும் மாசக்கணக்கில உயிரோட ஒட்டிக்கொண்டு இருக்கும். 2007ஆம் ஆண்டு வந்த நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து புழுவக் கண்டா வழக்குத்தான், அப்ப வீட்டுக்காரரா நீங்களா எண்டு சண்டை வரும்.

காய்ச்சல் வந்தா பெடியள் ஒளிப்பாங்கள், வீட்டுக்கு அனுப்பிடுவினம் எண்டு பயம், சோதினை கிட்ட எண்டா சொல்லவே மாட்டாங்கள். பக்கத்துக் கட்டில்காரன் ஏதோ உளைவுக் குளிசை ஒண்டு குடுப்பான். பனடோல் மட்டும்தான், அதுவும் அளவா. அஸ்பிரின், இபுபுறூஃபன், டைக்ளோஃபெனக் ஒண்டும் வேண்டாம், டெங்கு எண்டா இரத்தப் போக்குக் கூடும். மூண்டாம் நாள் இரத்தம் சோதிச்சே ஆகோணும். காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சந்தோசப்படுற நேரந்தான் ஆபத்தான நேரம். வயித்து வலி, சத்தி, கை கால் குளிர், தலை சுத்து எண்டா விடியட்டும் எண்டு இருக்காம களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ.

வெளியில ரெண்டு ஆபத்து, வெள்ளவத்தைக்கே உரியது. மரைன் டிரைவைக் கடந்தா தண்டவாளம், தண்டவாளத்தைக் கடந்தாக் கடல். அங்க ரெட்டைப் பாதை, ஒரு ரெயின் போயிட்டுது எண்டு காலெடுத்து வைக்கேக்க எதிர்ப்பக்கத்தால மற்றது வரும், கடல் சத்தத்தில கேக்காது, இயர்போன் எண்டா சொல்லவே தேவையில்ல. கடல் மே தொடக்கம் செப்டெம்பர் வரை கொந்தளிப்பு, மற்ற மாசங்கள்லயும் கல்லுக்கு நடுவில இழுவை இருக்கு. மலைநாட்டுப் பெடியன் முதல் தரம் கடல் காணுறான், ஆத்தில நீந்தினவன் எண்ட தைரியம் வேற. வந்த முதல் கிழமையே மூத்த பெடியன் ஒருத்தனோட எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் எங்க நிக்கலாம், எங்க இறங்கக் கூடாது எண்டு காட்டுங்கோ. போகாத எண்டு மட்டும் சொன்னா ஞாயித்துக்கிழமை தாங்களாப் போவாங்கள்.

கொஞ்சம் கஷ்டமான விஷயம் ஒண்டு. உங்களிட்ட 16 வயசுப் பிள்ளையும் 22 வயசு ஆளும் ஒரே கூரைக்குக் கீழ. 18க்குக் கீழ உள்ளவையை வேற அறையில போடுங்கோ. வார்டன் ஆனாலும், மன்றத் தலைவர் ஆனாலும், சாமியார் ஆனாலும், கதவு சாத்தின அறையில ஒரு பிள்ளையோட தனிய இருக்கக் கூடாது, இதில விதிவிலக்கே வேண்டாம். எங்கட ஆக்களிட்ட "அவர் அப்பிடிப்பட்டவர் இல்ல" எண்ட ஒரு வசனம் இருக்கு, அந்த வசனத்துக்குப் பின்னாலதான் எல்லாம் நடக்கிறது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட 1929 இலக்கத்தை டொய்லெட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கோ, நோட்டீஸ் போர்ட்டில ஒட்டினா நிண்டு வாசிக்கிறவன யாரும் பாப்பினம். அதுக்குப் பக்கத்தில மனசு சரியில்லாதவைக்கு 1926. புதுசா வந்தவனை மூத்தவன் முட்டுக்காலில நிக்க வைக்கிறது பகிடி இல்ல, அதையும் முதல் நாளே சொல்லுங்கோ.

மற்ற இலக்கங்கள்: தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, கரண்ட் கம்பி அறுந்தா 1987. இலக்கத்தை விட முக்கியம் விலாசம். வீட்டு இலக்கம், ஒழுங்கை, பக்கத்தில என்ன கடை, காலி வீதியால வாறதா மரைன் டிரைவால வாறதா, இதை சிங்களத்தில சொல்லுற மாதிரி தமிழ் எழுத்தில எழுதி போனுக்குப் பக்கத்தில ஒட்டுங்கோ. கிளிநொச்சியில இருந்து நேற்று வந்த பெடியன் பதட்டத்தில சிங்களம் தேட மாட்டான். உங்கட ஒழுங்கைக்குள்ள ரெண்டு பக்கமும் கார் விடுகினம் எண்டா தீயணைப்பு வண்டி வராது, பக்கத்து வீட்டு ஆக்களோட இப்பவே கதையுங்கோ.

இதெல்லாத்தையும் ஒரு பெரிய ஃபைல்ல போட்டு மூடி வைக்காதீங்கோ. ஒரு சி.ஆர். கொப்பி, ஹோல்ல கயித்தில கட்டின பேனையோட. யார் எதைக் கண்டாலும் எழுதலாம், "மூண்டாம் படி ஆடுது", "பாத்ரூம் பொயின்ட்டில ஷொக் அடிக்குது" எண்டு. பக்கத்தில யார் திருத்திறது, எந்தத் திகதிக்குள்ள. எழுதினவனத் திட்டினீங்க எண்டா அடுத்த பக்கம் வெறுமையாத்தான் கிடக்கும். என்ர கொப்பியில ஒருத்தன் "வார்டன்ட மோட்டார் சைக்கிள் பின் கதவை மறிக்குது" எண்டு எழுதியிருந்தான். உண்மைதான், மறிச்சுத்தான் நிண்டது.

கமரா கேட்டீங்க. கேற்றடியில ஒண்டு, படியடியில ஒண்டு போதும், படுக்கை அறைக்குள்ளயும் பாத்ரூம் பக்கமும் வேண்டவே வேண்டாம். முள்ளுக்கம்பி அந்த ஏணி இறங்கிற பக்கம் இல்லாட்டிப் போடுங்கோ.

முதல் மாசம் காசு எல்லாத்துக்கும் காணாது எண்டா கேற் பூட்டு, ட்ரிப் சுவிச், புகை அலாரம், இந்த வரிசையில செய்யுங்கோ, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமா. வாடகை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் வீட்டுக்காரரிட்ட கேளுங்கோ: பல்கணி கிறில் வெட்டலாமா, ஏணி அடிக்கலாமா, வயரிங் திறந்து பாக்கலாமா எண்டு. எழுத்தில தரச் சொல்லுங்கோ. "பாப்பம், பிறகு கதைப்பம்" எண்டு சொன்னா அட்வான்ஸ் குடுக்காம எழும்பி வாங்கோ, தெஹிவளைப் பக்கமும் வீடுகள் இருக்கு.